அசுரனோட கோண மீசை

உக்காருங்க, உக்காருங்க! ஏம்ப்பா தூணுப் பக்கம், அங்க என்ன குசுகுசுன்னு? கல்யாணம் பேசுறீங்களா? வாய மூடு. அக்கா, அந்த முறுக்க இப்பவே கடிச்சு முடிச்சிரு. நடுவுல 'கடக்'குன்னு சத்தம் வந்தா எனக்குக் கதை மறந்துரும். ஆச்சா? சரி.

கொக்குமலைன்னு ஒரு சீமை. அத ஆண்டவரு மல்லப்ப ராசா. அவரு சபையில மூணு பேர ஞாபகம் வச்சுக்கிட்டாப் போதும்.

ஒண்ணு, தளவாய் கஸ்தூரிரங்கன். படைத் தலைவரு. குரலு எப்படின்னா, பானைக்குள்ள தலைய விட்டுக்கிட்டு அதட்டுற மாதிரி. "ஹூம்ம்! யார்ராது!" இப்படி. அவரு மீசை இருக்கே, வலது பக்கம் வானத்தப் பாக்கும், இடது பக்கம் வயித்தப் பாக்கும். தினம் காலையில ராசா எந்திரிச்சு வர்ற வரைக்கும் பெரிய மண்டபத்துச் சுவரு முன்னாடி நின்னு அத முறுக்கிக்கிட்டே இருப்பாரு.

ரெண்டாவது, சித்திரக்காரன் பேச்சியப்பன். பேருலதான் பேச்சு. எந்நேரமும் கையில ஒரு பிரஷ்ஷு, பல்லுக்கு நடுவுல ஒரு பிரஷ்ஷு. "சாப்டியாப்பா?"ன்னா தலைய ஆட்டுவான். அவ்வளவுதான்.

மூணாவது, சீனிக்குட்டி. அவருக்கு என்ன வேலைன்னு ராசாவுக்கே தெரியாது. ஆனா அவரு வரலைன்னா சபையில யாரும் கொட்டாவி விடாம இருந்ததில்ல.

ஒரு நாள் ராசாவோட மாமியாரு ஊருலேர்ந்து வந்து எறங்குனாங்க. பெரிய மண்டபத்துச் சுவத்துல பேச்சியப்பன் வரைஞ்ச அசுரன் இருக்கான், அம்மாம் பெருசு. அந்தம்மா அத நல்லாப் பாத்துட்டுத் திரும்புது. எதுக்க தளவாய்!

"ஐயய்யோ! எறங்கி வந்துட்டான்டீ!"

ஒரே ஓட்டம். ஒத்தக் கொலுசு வாசல்ல, ஒத்தக் கொலுசு கொல்லையில. சபையே வயித்தப் புடிச்சுக்கிட்டு உருண்டுச்சு. தளவாய்க்கு மூஞ்சி மொளகாப் பழமாப் போச்சு.

"மகாராசா! இவன் என்னப் பாத்து வரைஞ்சிருக்கான்! இவனுக்குச் சொந்தமா ஒண்ணும் வராது. அம்மன் மூஞ்சி மோர்க்காரி மூஞ்சி. அந்த யானையோட வயிறு உங்க... வேணாம், சொல்லல!"

"என்னோட என்னய்யா?"

"ஒண்ணுமில்ல மகாராசா."

ராசா குனிஞ்சு தன் வயித்தப் பாத்தாரு. கோவம் வந்துருச்சு.

"பேச்சியப்பா! இந்தப் படமெல்லாம் உனக்கு எங்கேர்ந்து வருது?"

பேச்சியப்பன் வாயிலேர்ந்து பிரஷ்ஷ எடுக்காமலே கைய நீட்டி சன்னலக் காட்டினான்.

"பாத்தீங்களா! ஒத்துக்கிட்டான்! ஹூம்ம்!"

ராசா எந்திரிச்சாரு. "தளவாய் கட்டி முடிச்ச கிழக்கு மண்டபம் புதுசா நிக்குது. ஏழு நாளு உள்ளயே கெட. சன்னல் கதவெல்லாம் சாத்தியிருக்கும். எதையும் பாக்காம, எதோட சாயலும் இல்லாம ஒரு படம் வேணும். பாக்குறவங்க 'இது அது மாதிரி இருக்கே'ன்னு வாயத் தொறந்தா, வரைஞ்சவன நாடு கடத்திருவேன். அசுரன் மேல சுண்ணாம்பு அடிச்சிருவேன்!"

அசுரன், ரெண்டு வருசம் சாரத்துல தொங்கிக்கிட்டு வரைஞ்சதுங்க. பேச்சியப்பன் வாயிலேர்ந்து பிரஷ்ஷு கீழ விழுந்துச்சு. அப்பவும் பேசல.

வெளிய ஐப்பசி மழை, கொட்டு கொட்டுன்னு கொட்டுது. அஞ்சாம் நாளு காவக்காரனுக்கு வெத்தலயக் குடுத்துட்டு சீனிக்குட்டி உள்ள நுழைஞ்சாரு. பேச்சியப்பன் தரையில கரித்துண்டால வட்டம் போடுறான். அய்யோ, தோசை! தொடைக்கிறான். கோடு போடுறான். அய்யோ, பாம்பு! தொடைக்கிறான். கண்ணுல தண்ணி.

மேலேர்ந்தும் தண்ணி. சொட்டு... சொட்டு...

சீனிக்குட்டி அண்ணாந்து பாத்தாரு. சுவத்தப் பாத்தாரு. சிரிச்சாரு.

"பேச்சியப்பா, கரியக் கீழ போடு. படுத்துத் தூங்கு."

ஏழாம் நாளு கதவத் தொறந்தாங்க. சுவரு பூரா பழுப்பும் பச்சையுமா என்னமோ பரவிக் கெடக்கு.

மாமியாரு முந்திக்கிட்டாங்க. "ஏ, எங்க வீட்டுச் செவலப் பசு!"

"பசுவா? தீஞ்சு போன அப்பம்ங்க அது"ன்னாரு சமையக்காரரு.

ராசாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "இல்லய்யா... செத்துப் போன என் பட்டத்து யானை. அந்த வாலப் பாரு..."

தளவாய் குதிச்சாரு. "நான்! இதுவும் நான்தான்! மீசையப் பாருங்க!"

"ஆகா, நாலு சாயலு!" ராசா கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. "இத வரைஞ்சவன இப்பவே நாடு கடத்துங்க!"

சீனிக்குட்டி பயபக்தியாக் கும்புட்டாரு. "உத்தரவு மகாராசா. எல்லாரும் ஆளுக்கொரு குடத்த எடுங்கப்பா. மழையப் புடிச்சு எல்லைக்கு அந்தாண்ட ஊத்திட்டு வந்துருவோம்."

"மழையா?"

"வரைஞ்சது அதுதானே? உள்ள வர வழி விட்டது தளவாய் போட்ட கூரை. பேச்சியப்பன் இந்தச் சுவத்துல ஒரு பொட்டு வைக்கல. வெறும் ஈரத்துல நீங்க யானையப் பாத்தீங்க, உங்க அத்தை பசுவப் பாத்தாங்க, தளவாய் தளவாயவே பாத்தாரு. நாமெல்லாம் பாத்தது மனசுல ஒட்டிக்கிட்டு நிக்குது. அவன் மட்டும் எதையும் பாக்காம வரையணுமா மகாராசா?"

ராசாவுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. வயிறு குலுங்குது, அசல் யானைதான்! கழுத்துலேர்ந்து முத்துமாலையக் கழட்டி சீனிக்குட்டிக்குப் போட்டாரு. "எல்லாச் சன்னலையும் தொறங்கடா! அசுரன் அப்படியே இருக்கட்டும்!"

தளவாய் விடுவாரா? "அதெல்லாம் சரி! அந்த அசுரன் மீசை? ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ! இந்தச் சீமையிலயே என் ஒருத்தனுக்குத்தான் அப்படி இருக்கு! அது எங்கேர்ந்து வந்துச்சு? கேளுங்க அவன!"

எல்லாரும் பேச்சியப்பன் பக்கம் திரும்புனாங்க. அவன் மெதுவா வாயிலேர்ந்து பிரஷ்ஷ எடுத்தான். வேட்டியில தொடச்சான்.

"சாரம் ஆடிச்சுங்க, கை வழுக்கிருச்சு. ஈரச் சுண்ணாம்புல வச்ச கோட்ட அழிக்க முடியாது, விட்டுட்டேன். ஆச்சு ஏழு வருசம். அப்ப உங்களுக்கு மீசையே கெடையாதுங்களே, தளவாய்!"