கழுவி வந்த கால்கள்

அந்தச் சபையில் சீடருக்குத்தான் நரைத்த மீசை. குருவுக்கு முப்பது வயது, அதுவும் பெண். ஊரில் சிலருக்கு இது இன்னும் செரிக்கவில்லை. செரிக்காவிட்டால் அது அவரவர் வயிற்றின் குறை.

குருவானவர் பெயர் ஹெப்சிபா. சீடர், கோயில் வேலைகளில் அவருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார் தவசிமுத்து. எந்தச் சந்தேகத்தையும் குருவிடம் கேட்டுத் தெளிவது தவசிமுத்துவின் வழக்கம். அதில் அவருக்குக் கூச்சம் கிடையாது.

இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் மாலை, ஆராதனைக்கு முதல் மணி அடித்தாயிற்று. தவசிமுத்து கோயிலின் பின்னறைக்கு வந்து சாவிக் கொத்தை மேசைமேல் வைத்தார். மறுநாள் கஞ்சிக்கான அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், பாதியில் எழுந்து அப்படியே வந்திருந்தார். முழங்கை வரை கரி.

“என்ன இது?”

“போதும்மா. வேற ஆளப் பாத்துக்கோங்க.”

“அண்டா தேய்க்கவா?”

“ஊழியத்துக்கு.”

ஹெப்சிபா அங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டே காத்திருந்தார்.

“காலையில டீக்கடையில சாமுவேல்துரை அண்ணாச்சியத் திட்டிட்டேன். சபைக் கமிட்டிச் செயலர்னும் பாக்கல. செத்துப்போன அவர் அப்பாவையும் சேத்துத் திட்டினேன். தபசு காலம் நாப்பது நாளும் நாக்கக் கட்டி வச்சிருந்தேன். இன்னைக்குப் போயி அவுத்து விட்டுட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“கால் கழுவுற வேலைக்குப் பொம்பள சரி, திருவிருந்துல அப்பம் பிட்கத்தான் ஆம்பள வேணும்னார்.”

“அப்ப எனக்காகத் திட்டினீங்க.”

“ஆமா.”

ஹெப்சிபா அவரையே பார்த்தார்.

“மொத வார்த்தை உங்களுக்காக,” என்றார் தவசிமுத்து. “மிச்சமெல்லாம் ருசியா இருந்துச்சு, அதுக்காக. அதான் பயமா இருக்கு. ஊழியத்துக்கு வந்த நாள்லேருந்து ஜெபிக்கேன், இது போக மாட்டேங்குது. இப்படிப்பட்டவன் ஆண்டவருக்கு எப்படிம்மா வேலை செய்ய?”

இரண்டாம் மணி அடித்தது.

வருஷா வருஷம் குருவானவர் கால் கழுவுவார், உபதேசியார் தண்ணீர் ஊற்றுவார். ஹெப்சிபா அகன்ற பித்தளைப் பாத்திரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். செம்பைத் தான் எடுத்துக்கொண்டார்.

“இன்னைக்கு நீங்க கழுவுங்க.”

“இந்த வாய வச்சுக்கிட்டா?”

“கழுவுறது கையாலதானே.”

“கை பூரா கரிம்மா! குழாயடிக்குப் போயிக் கழுவிட்டு ஓடியாந்துர்றேன்.”

“நேரமில்ல. வாங்க.”

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். கால் கழுவப்பட இருக்கும் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, தூசி படாமல் பைக்கில் வந்து இறங்குவார்கள். அழுக்குக் காலைக் குருவானவரிடம் நீட்டினால் மரியாதை இல்லையாம். பாத்திரத்துத் தண்ணீர் ஊற்றியபடியே தெளிவாகத் திரும்பிப் போகும்.

முதல் நாற்காலியில் தலைமையாசிரியர் ஜெயசிங். தவசிமுத்து மண்டியிட்டுக் காலைப் பிடித்தார். வெளுத்த குதிகாலில் கறுப்பாக ஐந்து விரல்.

“உபதேசியாரே! சோப்புப் போட்டு அலசிட்டு வந்த காலு வே!”

பின்வரிசையில் சிரிப்பு. தவசிமுத்து தலையைத் தூக்கி, பார்த்தீர்களா என்பதுபோலக் குருவைப் பார்த்தார்.

“நல்லது,” என்றார் ஹெப்சிபா, தண்ணீரைச் சாய்த்துக்கொண்டே. “இப்பதான் கழுவுறதுக்கு ஏதோ இருக்கு.”

தவசிமுத்து தேய்த்தார். கரி போகும்வரை தேய்த்தார். அடுத்த காலையும், அதற்கடுத்ததையும் அப்படியே. தண்ணீரை மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கோயிலில் அது முதல் தடவை.

கடைசி நாற்காலியில் சாமுவேல்துரை அண்ணாச்சி. இரண்டு காலையும் நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

“மொதல்ல ஒன் வாயக் கழுவிட்டு வா வே.”

அவர் மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்திலிருந்த மைக் மெதுவாகச் சொல்லவில்லை.

தவசிமுத்துவின் வாய் திறந்தது. காலையில் மிச்சம் வைத்த வார்த்தைகள் அங்கே தயாராக நின்றன. ஹெப்சிபா தடுக்கவில்லை, செம்போடு காத்திருந்தார்.

“கழுவணும் அண்ணாச்சி,” என்றார் தவசிமுத்து. “தெனம் கழுவுறேன், தெனம் அழுக்காவுது. உங்க அப்பாவச் சொன்னது தப்பு. எல்லார் முன்னாலயும் சொல்றேன், மன்னிச்சிருங்க. ஆனா இவங்களப் பேசினதக் கேட்டது தப்பில்ல. இன்னொரு தடவ பேசினா இன்னொரு தடவ கேப்பேன், நல்ல வார்த்தையில. இப்பக் காலக் குடுங்க.”

முழங்கால் தரையில் இருந்தது. தலை நிமிர்ந்தே இருந்தது.

அண்ணாச்சி சுற்றிலும் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. கால்கள் மெல்ல வெளியே வந்தன. காலையிலிருந்து வீடு வீடாக நடந்து புகார் சொன்ன கால்கள். கழுவ நேரம் கிடைத்திருக்காது. கணுக்கால் வரை செம்மண். அந்தப் பன்னிரண்டு பேரில் உள்ளபடியே கழுவ வேண்டிய காலோடு வந்தவர் அவர் ஒருவர்தான். தவசிமுத்து அவருக்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அண்ணாச்சி துண்டை மட்டும் தானே வாங்கித் துடைத்துக்கொண்டார்.

ஆராதனை முடிந்தது. பின்னறையில் சாவிக் கொத்து வைத்த இடத்திலேயே கிடந்தது.

“நாளைக்கும் கோவம் வரும்மா.”

“வரும்.”

“அண்ணாச்சியும் டீக்கடைக்கு வருவார்.”

“வரட்டும். நானும் வர்றேன், டீ குடிக்க.”

தவசிமுத்து சிரிக்கவில்லை.

“அப்ப நான் எப்பம்மா சுத்தமாவேன்?”

“கையக் காட்டுங்க.”

நீட்டினார். நகக்கண்ணில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மற்றபடி கரி இல்லை. அவரே இப்போதுதான் பார்க்கிறார். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஹெப்சிபா சாவிக் கொத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

“கழுவிட்டு வர்றேன்னு அப்பவே சொன்னேன். நீங்கதான் விடல.”

“விட்டிருந்தா இன்னும் குழாயடியிலதான் நின்னுக்கிட்டு இருப்பீங்க.”