வசுமதி விழுந்த விதம்

கோவளத்தில், கடற்கரைக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தளம் இருந்தது. ஞாயிறு காலைகளில் ரோஸ்லின் அங்கே ஸ்கேட்போர்டு சொல்லிக்கொடுத்தாள். சின்னப் பெண். அதிகம் பேசமாட்டாள். அவளைவிட மூத்தவர்களும் அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

திருமாறனும் அவன் மனைவி வசுமதியும் ஒரே நாளில் அவளிடம் சேர்ந்தவர்கள். ஆசைப்பட்டது அவன். துணைக்கு வந்தவள் அவள்.

ஆரம்பத்தில் இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள், சேர்ந்தே சிரித்தார்கள். பலகைமேல் நிற்க வந்தது. தள்ளி ஓட்டவும் வளைத்துத் திருப்பவும் வந்தது. அடுத்தது ஆலி. பின்காலால் பலகையின் வாலைத் தரையில் அடித்து, முன்காலால் இழுத்து, பலகையோடு சேர்ந்து எழும்ப வேண்டும். வசுமதி மழைக்காலத்துக்கு முன்பே எழும்பிவிட்டாள். திருமாறனுக்கு வரவில்லை.

அவள் எழும்பினால் எல்லோரும் கைதட்டுவார்கள். அவனும் தட்டுவான். வீடு திரும்பும் வழியில், "இன்னைக்கு உன் முதுகு ரொம்ப வளைஞ்சிருந்தது" என்பான்.

ஒருநாள் வசுமதி, "எனக்கு எப்படி வந்ததுன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

அதன்பின் அவள் கேட்கவில்லை. எழும்பி இறங்கியதும் முதலில் அவன் முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வாள்.

ஒரு ஞாயிறு காலை, தரையில் கிடத்திய மூங்கில் கழியை அவள் சுத்தமாகத் தாண்டினாள். பக்கத்தில் நின்ற ஒருவர் திருமாறனிடம், "நீங்க அவங்ககூட வந்தவரா? வேடிக்கை பார்க்கவா?" என்று கேட்டார்.

அவன் நேராக ரோஸ்லினிடம் போனான்.

"மாஸ்டர், நானும் அவளும் ஒண்ணாத்தான் சேர்ந்தோம்."

"ஆமாண்ணா."

"அவளைவிட நான்தான் அதிகமா பழகுறேன். தினமும் மொட்டைமாடியில."

"தெரியும்."

"அப்புறம் அவளுக்கு மட்டும் எப்படி வருது? தனியா ஏதாவது சொல்லிக்கொடுத்தீங்களா?"

ரோஸ்லின் வசுமதி பக்கம் திரும்பினாள். "வசுக்கா, கழியைத் தாண்டிக்கிட்டே இருங்க" என்று குரல் கொடுத்தாள். பிறகு அவனிடம், "உட்கார்ந்து பாருங்கண்ணா" என்றாள்.

அவன் உட்கார்ந்தான்.

வசுமதி தாண்டினாள். திரும்பி வந்து மறுபடி தாண்டினாள். வெயில் ஏறியது. அவள் தாண்டத் தாண்ட அவன் வாய் கசந்தது. கடைசியில் ஒருமுறை பலகை நழுவி, அவள் விழுந்தாள்.

திருமாறனுக்கு நெஞ்சில் ஏதோ இறங்கி லேசானது போலிருந்தது. அது என்னவென்று புரிந்ததும் பதறி எழுந்து ஓடினான். அதற்குள் அவள் எழுந்துவிட்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லப்பா, தோல்தான் உரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவக் குழாயடிக்குப் போனாள்.

அவன் மெதுவாகத் திரும்பி வந்தான்.

"அக்கா முன்காலை எப்போ இழுத்தாங்க?" என்று ரோஸ்லின் கேட்டாள்.

"கவனிக்கலை."

"தாண்டும்போது தோள் எந்தப் பக்கம் இருந்தது?"

யோசித்துப் பார்த்தான். "தெரியலை மாஸ்டர்."

"விழுந்தது எப்படி?"

"பலகை வலது பக்கமா நழுவிச்சு. உடம்பு பின்னால சாஞ்சது. கையை ஊனப் பார்த்தா, முடியலை. இடது முழங்கை முதல்ல பட்டுது, அப்புறம் இடுப்பு. உதட்டைக் கடிச்சுக்கிட்டா."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். தன் குரல் தனக்கே கேட்டது போல நின்றான்.

ரோஸ்லின் தலையசைத்தாள்.

"நல்லா கத்துக்கிட்டிருக்கீங்கண்ணா. நீங்களும் அச்சு அசலா அப்படியேதான் விழுறீங்க."