வெளிச்சம் கூட்டிய ஒன்பது நாள்

ஏப்ரல் மாதம், திங்கட்கிழமை, காலை எட்டு மணி. தொட்டியில் பதினொரு பவளத் துண்டுகள். பொறுப்பில் இருந்தவர் சேர்மதுரை, வயது அறுபத்திரண்டு.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் இருந்தது அந்த நாலடிக் கண்ணாடித் தொட்டி. கடல் சூடேறி, ஒரு தீவை ஒட்டிய திட்டின் பவளமெல்லாம் வெளுத்துச் செத்த வருடத்தில், ஆழத்தில் மிஞ்சியவற்றை எடுத்து வந்து அதில் வளர்த்தார்கள். திரும்பக் கொண்டுபோய் நடுவதற்கு அந்தப் பதினொன்றை விட்டால் வேறு கிடையாது.

வளர்த்தவர் ஜெனோவா டீச்சர். அவருக்கு முப்பத்து நாலு வயது. சேர்மதுரை முப்பது வருடம் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்தவர். தொட்டிக்கு மேலே விளக்கு மாட்ட இரும்புச் சட்டம் அடிக்க வந்தவர், வேலை முடிந்தும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டார். தன் மகளைவிட இளையவரிடம் சிஷ்யனாக இருப்பதில் அவருக்குக் கூச்சமில்லை. உப்பு அளக்கக் கற்றார். தண்ணீர் மாற்றக் கற்றார்.

டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆழத்தில் வளர்ந்தது வெளிச்சத்துக்கு மெல்லத்தான் பழகும். அதனால் விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு மடிப்புக் கொசுவலை. மாதம் ஒரு மடிப்புதான் எடுக்கலாம். கடலுக்குள்ளும் கொசு உண்டா என்று சேர்மதுரை கேட்டதற்கு, இதைக் கடிப்பது மேலேயிருந்து வருகிறது அண்ணாச்சி என்று டீச்சர் சொன்னார்.

அப்புறம் டீச்சர் தீவுகளுக்கு ஆய்வுக்குப் போனார். ஒன்பது நாள்.

முதல் நாளே சேர்மதுரைக்குத் தொட்டி மங்கலாகப் பட்டது. பவளம் எது, பாறை எது என்று பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே பழுப்பு. தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். அப்படியேதான் இருந்தது. விளக்கு பழசாகிவிட்டது, பிள்ளைகள் பட்டினி கிடக்கின்றன என்று நினைத்தார். ஒரு மடிப்பை எடுத்தார். மூன்றாம் நாள் இன்னொன்று. ஐந்தாம் நாள் வலையே இல்லை.

எட்டாம் நாள் பவளங்கள் பளிச்சென்று தெரிந்தன. எல்லாம் தேறிவிட்டன என்று வீட்டில் போய்ச் சொன்னார். அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை டீச்சர் தோள் பையோடு நேராகக் கூடத்துக்கு வந்தார். தொட்டி முன்னால் நின்றார். வலை எங்கே என்று மட்டும் கேட்டார். துவைத்து மடித்து வைத்திருப்பதாக சேர்மதுரை பெருமையாகச் சொன்னார். டீச்சர் அதை வாங்கி, நாலு மடிப்பாகவே மறுபடி விரித்தார்.

சேர்மதுரைக்கு மனசு ஒப்பவில்லை.

"வெளிச்சத்தைத் தின்னுதான் உசிரு வாழுதுன்னு நீங்கதான சொன்னீங்க டீச்சர். தின்கிறதைக் கூடப் போட்டா கெடுதலா?"

டீச்சர் வலையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தபடி கேட்டார்.

"பட்டறையில டேக் வைக்கும்போது கண்ணாடி போடுவீங்களா அண்ணாச்சி?"

சேர்மதுரை சிரித்தார். தகட்டில் அங்கங்கே ஒரு பொட்டு ஒட்டுவதற்குக் கண்ணாடி போடுகிறவனை அங்கே மாப்பிள்ளை என்று கேலி செய்வார்கள். கறுப்புக் கண்ணாடி வழியே கம்பி எங்கே தொடுகிறது என்று தெரியாது; அதனால் வெறுங்கண்தான். வீட்டுக்குப் போனால் கண்ணில் மணல் கொட்டினாற்போல் இருக்கும். உருளைக்கிழங்கை நறுக்கி இமைமேல் வைத்துக்கொண்டு படுத்தால் மறுநாள் வேலைக்குப் போய்விடலாம். இதையெல்லாம் அவர் விவரமாகச் சொன்னார். டீச்சர் கடைசிவரை கேட்டார்.

"இப்ப தொட்டியைப் பாருங்க. எத்தனை இருக்கு?"

சேர்மதுரை தொட்டியில் மூக்கு இடிக்கக் குனிந்தார். விரல் வைத்து எண்ணினார். பக்கவாட்டில் போய் நின்று மறுபடி எண்ணினார்.

"ஏழு இருக்கு. மிச்சத்தை எங்க டீச்சர் கொண்டு போனீங்க?"

டீச்சர் தொட்டியின் கீழ் மூலையைத் தொட்டுக் காட்டினார். பெரிய பாறையின் நிழல் விழும் இடம் அது.

"இங்க நாலு இருக்கு."

சேர்மதுரை வெகுநேரம் பார்த்தார்.

"பாறைதான் தெரியுது."

"உசிரோட இருக்கிறது பாறை நிறத்துலதான் இருக்கும் அண்ணாச்சி. உங்க கண்ணுக்குத் தெரிஞ்ச ஏழும் வெளுத்துப்போனது."

சேர்மதுரை கண்ணாடியிலிருந்து விரலை எடுத்தார்.

மே மாதத்துக்குள் ஏழும் செத்தன. செப்டம்பர் 14ஆம் தேதி, காலை பதினோரு மணிக்கு, மிஞ்சிய நாலையும் திட்டில் நட்டார்கள். நட்ட இடத்தைக் காட்ட டீச்சர் கூப்பிட்டபோது, தன் கண்ணுக்குப் பாறைதான் தெரியும் என்று சேர்மதுரை படகிலேயே உட்கார்ந்திருந்தார்.