எமனுக்கு மூச்சு வாங்குச்சு

ஒரு ஊர்ல ஒரு எமன் இருந்தான், கண்ணு. பயப்படாதே, நெஜ எமன் இல்ல. நாடகத்துல எமன் வேஷம் கட்டுறவன். பேரு தனகோட்டி. செய்யாறு பக்கத்துல சின்ன ஊரு. ஆளு மலை மாதிரி இருப்பான். மீசையை முறுக்கிக்கிட்டு, மேடையில ஏறி "ஹாஹ்... ஹாஹ்... ஹா!"ன்னு சிரிச்சான்னா, முன்னாடி உக்காந்திருக்கிற பொடிசுங்க எல்லாம் அம்மா முந்தானைக்குள்ள பூந்துக்கும். ஒண்ணு ரெண்டு அங்கேயே மூத்திரமும் போயிடும். ம் கொட்டு. ஆங்!

இந்த எமன் எப்படி வாழ்ந்தான் தெரியுமா? வெயில் மூஞ்சியில சுளீர்னு அடிச்சாத்தான் எழுந்திருப்பான். பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே பீடி. அப்புறம் டீ. அது டீ இல்ல, பாகு. ஸ்பூனை நட்டா நிக்கும். அப்புறம் பஜ்ஜி. நாலு வீடு தள்ளியிருக்கிற பஜ்ஜிக் கடைக்கும் மொபெட்டை ட்டுர்ர்னு கிளப்பிக்கிட்டுத்தான் போவான். நாடகம் முடிஞ்சா பரோட்டா, அது மேல சால்னா கொளகொளன்னு. அவன் பொண்டாட்டி அஞ்சலாட்சி, "யோவ், உங்கப்பன், உங்கண்ணன் ரெண்டு பேரும் நெஞ்சைப் புடிச்சிக்கிட்டே போனவங்க. பார்த்துத் தின்னுய்யா"ன்னு சொல்லுவா. இவன் தொந்தியைத் தட்டிக்கிட்டு, "நானே எமன்டி! என்னைத் தூக்க எவன் வருவான்?"னு கேட்டு ஏப்பம் விடுவான். ஏவ்வ்வ்!

அப்போ ஒரு திருவிழா வந்துது. அவங்க நாடகத்துல எமன் ஒரு ராஜகுமாரனை மேடையைச் சுத்தி மூணு தடவை துரத்தணும். அதுக்கப்புறம் சாமி வந்து அவனைக் காப்பாத்தும். ராஜகுமாரன் யாரு? துரைக்கண்ணுன்னு ஒருத்தன், ஓணான் மாதிரி ஒல்லி. மொதல் சுத்து, தடதடதடன்னு ஓடினான் தனகோட்டி. ரெண்டாவது சுத்து, கொர்ர்... கொர்ர்... மூணாவது சுத்துல பாதி வழியில, தொப்! உக்காந்துட்டான். கிரீடம் உருண்டு போச்சு. "எமனுக்கே எமன் வந்துட்டான்டோய்!"னு கூட்டத்துல ஒரே சிரிப்பு. ஓடின ராஜகுமாரன் திரும்பி வந்து எமனுக்கு விசிறி விடறான். சாமி ஓடியாந்து எமன் வாயில தண்ணி ஊத்துது! சிரிக்கிறியா? அஞ்சலாட்சி சிரிக்கல.

அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டரம்மா சொன்னாங்க, "பிரஷர் இருக்கு, சக்கரை இருக்கு. ரெண்டும் உங்கள மாதிரி சத்தம் போட்டுக்கிட்டு வராது. உள்ளயே உக்காந்து அரிச்சிடும். மாத்திரையை ஒழுங்கா முழுங்கணும், பீடியை விடணும், இனிப்பைக் குறைக்கணும், தினம் நடக்கணும்." நாடக வாத்தியாரும் சொல்லிட்டாரு, "உடம்பு தேறினாத்தான்டா வேஷம்."

சரின்னு வந்தான். பீடியை விட்டான். ஆனா பீடி குடிக்கிறவன் பக்கத்துல போய் மூக்கை விரிச்சிக்கிட்டு உக்காந்தான். டீயில சக்கரையை நிறுத்தினான். ஆனா கையில ஜிலேபி. கேட்டா, "டீயிலதானடி போடக்கூடாது?" நடக்கச் சொன்னாங்கல்ல, நடந்தான். எங்க? பஜ்ஜிக் கடைக்கு!

தூங்கிட்டியா? ம்... சரி.

ஒரு நாள் சாயங்காலம் பஜ்ஜிக் கடையிலேர்ந்து வந்தான். வாசல்லேர்ந்து அடுப்பங்கரை வரைக்கும் தரையில செவப்பு செவப்பா தடம். அஞ்சலாட்சி பதறிட்டா. "யோவ், காலைக் காட்டு." பார்த்தா, செருப்பைத் துளைச்சிக்கிட்டு ஆணி, சுண்டுவிரலுக்குக் கீழ ஏறிக் கெடக்கு. இவனுக்குத் தெரியவே இல்ல. ஆணியைப் புடுங்கினா, கழுவினா, பாதத்தை அழுத்தி, "வலிக்குதா?"ன்னு கேட்டா.

"எப்போ தொட்டே?"ன்னான்.

அவ இன்னும் தொட்டுக்கிட்டுத்தான் இருந்தா.

அப்போ அவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. அவ மடியில தலையை வெச்சு குழந்தை மாதிரி அழுதான். ஆஸ்பத்திரியில, சக்கரையால கால் மரத்துப் போயிருக்கு, சீழ் வெச்சிடுச்சுன்னு அந்தச் சுண்டுவிரலையே எடுத்துட்டாங்க. கூடவே நர்சம்மா, "நீயும் கையை நீட்டும்மா"ன்னு அஞ்சலாட்சிக்கும் பிரஷர் பார்த்தாங்க. அய்யய்யோ, புருஷனை விட இவளுக்குத்தான் ஜாஸ்தி! இவ தின்ன அத்தனை ஊறுகாய், அத்தனை அப்பளம், அந்த உப்பெல்லாம் எங்க போகும்? அழுதுக்கிட்டிருந்த எமன் குபீர்னு சிரிச்சிட்டான்.

அப்புறம் புண்ணு ஆறினதும் ரெண்டு பேரும் நடக்க ஆரம்பிச்சாங்க. மொத நாள் கோயில் வரைக்கும் போறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு. வீட்டுல கீரையும் கொள்ளும் கொதிச்சுது. எமன் அதைப் பார்த்து மூஞ்சியைச் சுளிச்சான், ஆனா தின்னான். ஒரு நாள் தாங்க முடியாம திருட்டு பீடி பத்த வெச்சான். அஞ்சலாட்சி பார்த்துட்டா. திட்டல. ஊறுகாய் ஜாடியைத் தூக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்தா. "நீ ஊது, நான் நக்குறேன். ரெண்டு பேரும் ஒரே பாடையில போயிடலாம், ஊருக்கும் ஒரே வேலையா முடியும்"னா. அவன் பீடியை மண்ணுல தேய்ச்சான். அன்னிக்கு விட்டதுதான், அப்புறம் தொடல.

அடுத்த திருவிழாவுக்கு வேஷம் திரும்பக் கெடைச்சுது. மூச்சு வாங்குச்சு, கால் தாங்கித் தாங்கித்தான் ஓடினான், ஆனா உக்காரல.

மறுநாள் விடிகாலையில ஏரிக்கரை மேல விறுவிறுன்னு நடந்து போறான். எதுத்தாப்ல ஒரு கிழவர், முந்தின நாள் நாடகம் பார்த்தவரு. பனி மூட்டத்துல அந்த மீசையும் உருவமும் தன்னைப் பார்த்து வரவும், நெஜ எமனே வந்துட்டான்னு நெனச்சு, "ஐயோ சாமி, பேத்தி கல்யாணம் மட்டும் முடிஞ்சிடட்டும், அப்புறம் வர்றேன்!"னு கையெடுத்துக் கும்பிட்டாரு.

தனகோட்டி நிக்கவே இல்ல. "உனக்காக வரல பெரியப்பா. எனக்காக நடக்குறேன்"னுட்டு போய்க்கிட்டே இருந்தான்.

அவனும் போயிட்டான், கதையும் போயிடுச்சு. நீ கண்ணை மூடிக்கோ.