கறையான் மண்ணுக்குள் இறங்கிய கதை

அந்தக் காலத்தில் கறையானுக்குக் கண் இருந்தது, பேச்சும் இருந்தது. எறும்பைப் போல வெயிலில் வரிசையாக ஊர்ந்து திரியும். வீட்டுக் கூரைதான் அதற்குப் பிடித்த தீனி. அதனால் சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கே இருந்த ஊர்களில் கறையானைக் கண்டாலே சாம்பலை அள்ளிக் கொட்டி விரட்டுவார்கள்.

அப்படி ஓர் ஊரில் நொபோகோ என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் ராவ்கோ, கிணறு தூர் வாரும்போது மண் சரிந்து இரண்டு காலும் முறிந்து பாயில் கிடந்தான். நிலமும் அதே சமயத்தில்தான் கைவிட்டது. மூன்று வருஷம் மழை பொய்த்தது. புல் கருகியது. காற்று மேல்மண்ணை வாரிக்கொண்டு போய்விட்டது. அடியில் இருந்த மண் சுட்ட சட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. நாலாம் வருஷம் மழை பெய்யத்தான் செய்தது. ஆனால் ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. தண்ணீரெல்லாம் விதைத்த சோளத்தையும் உருட்டிக்கொண்டு ஓடையில் போய் விழுந்தது.

தெற்கே போய்விடுவதென்று ஊர் முடிவு செய்தது. ராவ்கோவின் அண்ணன் யம்பா வந்து வாசலில் நின்றார்.

“பத்து நாள் நடை, நொபோகோ. இவனைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் தாண்ட முடியாது. நீயாவது பிழைத்துக்கொள். கிளம்பு.”

“போ,” என்றான் உள்ளேயிருந்து ராவ்கோ. “யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.”

நொபோகோ ஆட்டுப்பட்டியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. “ஒரு கூடை விதைச் சோளம் கொடுத்துவிட்டுப் போங்கள், மூத்தவரே,” என்றாள். “நாங்கள் இங்கேதான் இருக்கப் போகிறோம்.”

யம்பா ஒரு கூடை சோளத்தை இறக்கி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ஊர் காலியானது. கிணற்றில் ஊறும் இரண்டு குடம் தண்ணீர் அவர்களுக்குப் போதும். ஆட்டுப் பாலும் காட்டுக் கீரையும்தான் சாப்பாடு. விதைக் கூடையை அவள் தொடவில்லை. ஓடுகிற தண்ணீரை நிறுத்த வேண்டும் என்பது ஒன்றே அவள் எண்ணம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். ஒரு முழம் அகலம், ஒரு சாண் ஆழம் என்று குழி குழியாகத் தோண்டத் தொடங்கினாள். மண் வெட்டுப்படாமல் மண்வெட்டியைத் திருப்பி அடித்தது. முதல் நாள் நாலு குழிதான். உள்ளங்கை கொப்பளித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் போனாள். மழுங்கி வந்த மண்வெட்டியை ராவ்கோ வாசலில் உட்கார்ந்து கல்லில் தீட்டிக் கொடுத்தான். நாற்பது நாளில் முந்நூறு குழி ஆயிற்று.

அப்போது ஒரு கோடை மழை பெய்தது. முந்நூறு குழியிலும் தண்ணீர் நின்றது. ஆனால் மறுநாள் பொழுது சாய்வதற்குள் வெயில் அத்தனையையும் குடித்துவிட்டது. நொபோகோ ஒரு குழியில் விரலை ஊன்றிப் பார்த்தாள். அரை விரலுக்குக் கீழே மண் காய்ந்தே இருந்தது. அன்றுதான் அவள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

குழியின் விளிம்பில் தாய்க் கறையான் வந்து நின்றது.

“குழி சரியாகத்தான் இருக்கிறது. அடிதான் மூடியிருக்கிறது. தண்ணீர் இறங்க வழியில்லை.”

“உன்னால் வழி போட முடியுமா?”

“எங்கள் பல்லுக்கு இந்த மண் பெரிதில்லை. ஆனால் உள்ளே போய் எதைத் தின்பது? போனவர்களின் கூரையெல்லாம் தீர்ந்துவிட்டது. மிச்சம் உன் கூரை ஒன்றுதான். நாளைக்கு அங்கே வருவதாக இருந்தோம்.”

நொபோகோ எழுந்து வீட்டுக்குப் போனாள். சுவரில் ஏறிக் கூரையைப் பிரிக்கத் தொடங்கினாள். கீழே படுத்திருந்த ராவ்கோவின் முகத்தில் வெயில் விழுந்தது.

“என்ன செய்கிறாய்?”

“கறையானுக்குச் சாப்பாடு போடப் போகிறேன். சோளம் விளைந்தால் புதுத் தட்டை கிடைக்கும். அதில் வேய்ந்துகொள்வோம்.”

அவன் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து கூரையைப் பார்த்தான். பிறகு, “கிழக்குப் பக்கம் முதலில் பிரி. அங்கே மட்காத புல் நிறைய இருக்கிறது,” என்றான்.

ஒவ்வொரு குழியிலும் ஒரு பிடி ஆட்டுப் புழுக்கையும் ஒரு பிடி கூரைப் புல்லும் போட்டாள். கறையான்கள் குழியோரம் கூடின.

“உள்ளே இருட்டு,” என்றது தாய்க் கறையான். “கண் அவிந்துவிடும், பேச்சும் அடங்கிவிடும். பிறகு வெயிலுக்குத் திரும்ப முடியாது. அதனால் ஒரு வாக்குக் கொடு. வருஷா வருஷம் மழைக்கு முன்பே எங்கள் சாப்பாடு குழிக்கு வந்துவிட வேண்டும். உனக்குப் பின்னால் வருகிறவர்களும் தவறக் கூடாது.”

“தவற மாட்டோம். தவறினால் கூரைக்கு வாருங்கள். உங்கள் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள்.”

கறையான்கள் வரிசையாக உள்ளே இறங்கின. ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

மழைக்காலம் பிறந்ததும் நொபோகோ குழிகளில் விதைத்தாள். இருவரும் ஒரே ஆட்டுத் தோலைப் போர்த்திக்கொண்டு, கூரையில்லாத வீட்டில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மழை விட்டதும் வயலுக்கு ஓடினாள். எந்தக் குழியிலும் தண்ணீர் நிற்கவில்லை. பயந்துகொண்டே மண்ணுக்குள் கையை விட்டாள். முழங்கை வரை ஈரம். அடியில் நூறு துளைகள் தண்ணீரை இழுத்து வைத்திருந்தன. நாலாம் நாள் முளை தெரிந்தது. அறுவடைக்குள் சோளத்தட்டை அவள் தலைக்கு மேல் போய்விட்டது.

செய்தி தெற்கே எட்டி, அடுத்த கோடையில் ஊரார் திரும்பினார்கள். யம்பா வாசலில் நின்று, தம்பியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நொபோகோ அவருக்கு ஒரு கலயம் சோளக்கூழ் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும் ஒரு மண்வெட்டியை நீட்டினாள்.

“மழைக்கு நாற்பது நாள்தான் இருக்கிறது, மூத்தவரே. வாருங்கள்.”

அன்று முதல்தான் அந்த நாட்டு உழவர்கள் கொளுத்தும் கோடையிலேயே வயலில் குழி வெட்டி, விதைப்புக்கு முன்னால் எருவை இடுகிறார்கள். கறையானும் கண்ணும் பேச்சும் இல்லாமல் மண்ணுக்குள்ளேயே இருந்து தண்ணீருக்கு வழி போடுகிறது. வாக்கை மறந்த வீட்டில் மட்டும் கூரைக்கு ஏறி வருகிறது.