ஏழில் மூன்று போனால்

"சுவர் வச்ச பிறகும் ஒருத்தன் உள்ளே புகுந்திருக்கான், டீச்சர். எப்படி?"

செவத்தையா இதைக் கேட்டபோது ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஒன்பது இருபது. கையில் குருதிக்கொடை மன்றத்தின் சாவி. அதை டீச்சரிடம் திருப்பிக் கொடுக்கத்தான் மன்றத்துக்கு வந்திருந்தார்.

நூல் மில்லில் முப்பத்தொரு வருடம் எண்ணிக் கணக்கு எழுதியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு, மன்றத்தை நடத்திவந்த ஷமீமா டீச்சரிடம் லினக்ஸ் கணினி கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். அவருக்கு வயது அறுபத்து மூன்று. டீச்சருக்கு முப்பத்து நான்கு.

மன்றத்துக் கணினியில் முந்நூற்றுப் பதினெட்டுப் பேருடைய பெயர், ரத்த வகை, போன் நம்பர் எல்லாம் இருந்தன. ரத்த வங்கிக்கு அவசரம் என்றால் அங்கிருந்தபடியே பட்டியலைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள். வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது. அந்தக் காவலைத்தான் டீச்சர் அவரிடம் ஒப்படைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை அவரே கணினிக்குக் காவல்சுவரான ஃபயர்வாலை நிறுவினார். ஒரு வரி தட்டி, பாஸ்வேர்டு கொடுத்தார். பதினொரு வினாடியில் முடிந்தது. வெளியே போவது போகட்டும், உள்ளே எதுவும் வரக் கூடாது என்று இரண்டு கட்டளை. பிறகு யார் யார் வரலாம் என்று பழைய செயலாளர் எழுதிவைத்த தாளைப் பார்த்து ஏழு அனுமதிகள். ஃபயர்வாலே அவற்றுக்கு ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டுக் காட்டியது. அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

விசாரித்ததில் அந்த ஏழில் மூன்று வேண்டாதவை. பிரிண்டரை எப்போதோ விற்றுவிட்டார்கள். இரண்டு மடிக்கணினிகள் ஊரிலேயே இல்லை. இரண்டு, மூன்று, ஐந்து என்று தாளில் குறித்துக்கொண்டு அந்த வரிசையிலேயே அழித்தார். ஏழில் மூன்று போனால் நான்கு. எண்ணிப் பார்த்தார். நான்கு இருந்தது.

சனிக்கிழமை ரத்த வங்கிக்குப் பட்டியல் திறக்கவில்லை. பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் வேண்டியிருந்தது. நர்ஸ் போன் செய்ய, செவத்தையா மன்றத்துக்கு ஓடிப் போய் ஒன்பது பெயர்களை வாசித்தார். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் நாற்பது நிமிடம் தாமதம். அந்த நாற்பதை அவரால் கழிக்க முடியவில்லை.

"ரத்த வங்கி நாலாம் நம்பர்," என்றார். "நாலை நான் தொடவே இல்லை. இப்போ அது இல்லை. யாரோ வந்து எடுத்திருக்கான்."

"ஒவ்வொண்ணா அழிக்கும்போது அது உங்ககிட்ட ஏதாவது கேட்டுச்சா, அண்ணாச்சி?"

"கேட்டுச்சு. ஒரு வரியைக் காட்டி அழிக்கலாமான்னு மூணு தடவை. மூணு தடவையும் ஆமான்னு அழுத்தினேன்."

"என்ன வரி காட்டுச்சு?"

செவத்தையா யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. தாளில்தான் ஏற்கெனவே கணக்குப் போட்டாயிற்றே.

டீச்சர் திரும்பி அறையைப் பார்த்தார். அன்று மன்றத்தில் ரத்த வகைப் பரிசோதனை. சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. அதில் ஏழு பேர். முன்னால் இருப்பவர் எழுந்து போனால் மற்றவர்கள் ஓர் இடம் நகர்ந்து உட்காருவார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அந்தத் தாள் இருக்குல்ல? அதைப் பார்த்து ஆளைக் கூப்பிடுங்க," என்றார் டீச்சர்.

இது என்ன விளையாட்டு என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் தாளை எடுத்தார்.

"ரெண்டு."

இரண்டாவதாக இருந்த ஆட்டோக்காரர் எழுந்தார். முதலில் இருந்த பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. எட்டரைக்கே வந்தவன் தான் என்றும், இது எந்த ஊர் நியாயம் என்றும் கேட்டார்.

"உங்க ரத்தம் எங்கேயும் ஓடிப்போயிடாது, பெரியவரே," என்றார் ஆட்டோக்காரர்.

பெஞ்சு சிரித்தது. சிரித்துக்கொண்டே நகர்ந்தது.

செவத்தையா தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மூணு."

மஞ்சள் சேலை கட்டிய பெண் ஒருத்தி பாதி எழுந்தாள். பக்கத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த பையனைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள்.

"நானா, அண்ணாச்சி?"

ஆமா என்று சொல்ல வாயெடுத்தவர், தலையை நிமிர்த்தினார்.

அந்த முகம் கொஞ்ச நேரத்துக்கு முன் நான்காவதாக இருந்தது. ரத்த வங்கியைப் போல.

பெஞ்சைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி பெஞ்சை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். டீச்சர் பஞ்சு எடுத்து மேசைமேல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. நீங்க உட்காருங்க."

ஆட்டோக்காரரைக் கூப்பிட்டுப் பழைய இடத்திலேயே உட்காரச் சொன்னார். முனகிக்கொண்டே எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள். எண்ணினார். ஏழு.

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெஞ்சின் கடைசிப் பக்கமாக நடந்தார். பின்னாலிருந்து கூப்பிட்டால் முன்னால் இருப்பவர்கள் இடம் மாற வேண்டாம்.

"அஞ்சாவதா இருக்கிறது யாரு? பேரைச் சொல்லுங்க."