யாரும் பார்க்காத வினாத்தாள்

தலையாட்டிபுரத்தில் குடிதண்ணீர் வராவிட்டாலும் ஊருக்கென்று சொந்தமாக ஒரு தேர்வு வாரியம் உண்டு. தலைவர் தாண்டவமூர்த்தி, செயலாளர் வீரபாகு, உறுப்பினர் சின்னச்சாமி என்று மூன்று பேர். ஒருவர் தலையாட்டினால் மற்ற இருவரும் ஆட்டுவார்கள். தீர்மானம் நிறைவேறிவிடும்.

இவர்களிடம் வந்து மாட்டிக்கொண்டவள் அஞ்சுகம். அவளுக்கு நர்ஸாக ஆசை. அதற்கு விலங்கியலில் பாஸாக வேண்டும். போன வருஷம் முப்பத்து நாலு மார்க்கு, ஒன்று குறைந்துவிட்டது. மறுகூட்டலுக்குப் பணம் கட்டினாள்.

"ஒன்பது தடவை கூட்டிட்டோம்மா. ஒரு தடவையாவது முப்பத்தஞ்சு வரும்னு நாங்களும் ஆசையாத்தான் இருந்தோம்" என்று வீரபாகு கண்கலங்கினார்.

இந்த வருஷமும் போனால் மாமாவின் மாவு மில்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். பாவம், அவள் படித்த படிப்பு கொஞ்சநஞ்சமல்ல. கரப்பான்பூச்சி வந்தால் அடிக்காமல் அதன் எதிரில் உட்கார்ந்து அதன் உறுப்புகளை அதற்கே ஒப்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. போன தடவை கேள்விகள் முன்கூட்டியே வெளியாகிவிட்டதால், தேர்வு முடியும்வரை வினாத்தாள் யார் கண்ணிலும் படக் கூடாதாம்.

"கேள்வி எழுதுறவர் பார்ப்பாரே?" என்றார் சின்னச்சாமி.

"கண்ணைக் கட்டிக்கிட்டு எழுதட்டும்" என்றார் தலைவர்.

"அச்சடிக்கிறவர்?"

"விளக்கை அணைச்சிட்டு அடிக்கட்டும்."

"பரீட்சை எழுதுற பிள்ளைங்க?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் தலைவர் சொன்னார்: "அவங்களைத்தான்யா முக்கியமா பார்க்க விடக் கூடாது. போன தடவை ஓடிப் போய்ப் பார்த்ததே அவங்கதானே?"

தேர்வு நாளன்று மேசைக்கு மேசை அரக்கு முத்திரை வைத்த உறை இருந்தது. தேர்வு முடிந்து கடைசி மணி அடித்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்றார் வீரபாகு.

"கேள்வி தெரியாம எப்படி சார் பதில் எழுதுறது?" என்று கேட்டாள் அஞ்சுகம்.

"கேள்வி தெரிஞ்சா யார் வேணும்னாலும் எழுதிடுவாங்களேம்மா!"

பக்கத்து பெஞ்சுக்காரன் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுதினான். அஞ்சுகத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அமீபாவில் ஆரம்பித்து, மனப்பாடம் செய்திருந்த புத்தகம் முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மணி அடித்ததும் உறையைப் பிரித்தார்கள். கேள்விகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஆனாலும் படிக்க முடிந்த கேள்விக்கெல்லாம் அவள் தாளில் பதில் இருந்தது.

"பார்க்காத கேள்விக்குப் பதில் எழுதியிருக்கா! இவளுக்கு யாரோ முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்று மேசையைத் தட்டினார் தலைவர்.

"யாரும் சொல்லல சார், எல்லாம் புத்தகத்துல இருக்கு" என்று அஞ்சுகம் அழுதேவிட்டாள்.

புத்தகத்தை வரவழைத்துப் புரட்டினார்கள். அத்தனை பதிலும் வரி பிசகாமல் இருந்தது.

"பொண்ணு மேல தப்பில்ல. பதில் சொன்னது இதுதான்" என்றார் வீரபாகு.

"அப்போ மார்க்கும் இதுக்குத்தானே சேரணும்?" என்றார் சின்னச்சாமி.

மூன்று தலைகளும் ஆடின. விலங்கியல் புத்தகம் நூற்றுக்கு நூறு வாங்கிப் பாஸாயிற்று. சான்றிதழில் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் அச்சகத்தின் பெயரைப் போட்டுக் கொடுத்தார்கள்.

நர்சிங் பள்ளியை நடத்துகிறவர் தலைவரின் மச்சான். நூறு மார்க்கைப் பார்த்ததும் புத்தகத்துக்கு இடம் கொடுத்துவிட்டார். மாணவிக்கு நடக்க வராது என்று கேள்விப்பட்டு, தூக்கி வர ஒரு துணையும் இருக்கலாம் என்றார். மாவு மில்லை நினைத்துப் பார்த்த அஞ்சுகம், புத்தகத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் சீருடைக்கு அளவெடுக்கத் தையல்காரர் வந்தார். அஞ்சுகத்தைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, புத்தகத்தை மேசைமேல் நிமிர்த்தி நிறுத்தி, நாடாவை மேலும் கீழும் ஓட்டினார். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"வளர்ற வயசு. ரெண்டு இஞ்சு கூடவே விட்டுத் தைக்கட்டுமாம்மா?"